தோற்றவன் தோல்: மார்சியாஸும் அவனை வடித்த கலைஞரும்

சின்ன ஆசியாவின் உட்பகுதியில், இன்று துருக்கி நாட்டின் தினார் நகரம் இருக்கும் இடத்தில், பண்டை நாளில் கெலைனாய் என்னும் பிரிஜிய நகரம் இருந்தது. கி.மு. 481இல் கிரேக்கத்தின் மீது படையெடுக்கப் புறப்பட்ட பாரசீகப் பேரரசன் செர்க்சஸ் அவ்வழியே சென்றான். அப்படை கடந்த ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவரும் ஹெரோடோட்டஸ், கெலைனாய்க்கு வந்ததும் சற்றே நிற்கிறார். அந்நகரின் அங்காடி மன்றத்திலேயே ஓர் ஆறு ஊற்றெடுக்கிறது. மார்சியாஸ் என்பவனின் தோலும் அங்கே தொங்குகிறது. உரித்துத் தொங்கவிட்டவன் அப்பல்லோ என்று பிரிஜியர் கூறுகின்றனர். இவ்வளவே அவர் தரும் செய்தி. கி.மு. 401இல் இளைய சைரஸின் கூலிப்படையோடு 30 நாள் அங்கே தங்கிய செனபோன், ஆற்றின் பெயரே மார்சியாஸ் என்றும், அதன் அகலம் 25 அடி என்றும், தோல் தொங்கவிடப்பட்டது ஊற்றுக்கண் இருக்கும் குகையில் என்றும் எழுதிவைத்தார். அவர் படைவீரர். ஆற்றின் அகலத்தைச் சொல்லும் அதே குரலில் உரித்த தோலையும் சொல்லிவிட்டு மேலே நடக்கிறார்.

கிரேக்கத் தொன்மத்தில் மார்சியாஸ் மிகச் சிறிய பாத்திரம். அவன் பெயரில் காவியம் இல்லை, அவன் வீரன் அல்லன், அரசகுலத்தவனும் அல்லன். குதிரை வாலும் கூர்ஞ்செவியும் கொண்ட சாட்டிர் என்னும் காட்டு இனத்தவன். அத்தீனா தேவி இரட்டைக் குழல் ஒன்றைச் செய்து ஊதிப் பார்த்தாள். ஊதும்போது கன்னம் புடைத்து முகம் கோணுவதை நீரில் கண்டு வெறுத்து அதை வீசி எறிந்தாள். மார்சியாஸ் அதை எடுத்தான், பயின்றான், தேர்ந்தான், யாழ்க் கடவுளாகிய அப்பல்லோவையே இசைப்போருக்கு அழைத்தான். வென்றவன் தோற்றவனை எதுவும் செய்யலாம் என்பது ஒப்பந்தம். மார்சியாஸ் தோற்றான். அவனை மரத்தில் கட்டி உயிரோடு தோலுரித்தான் அப்பல்லோ.

கதை இவ்வளவுதான். ஆயினும் 2500 ஆண்டுகளாகச் சிற்பிகளும் ஓவியர்களும் இதனிடம் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றனர். ஒரே கதையின் எந்தக் கணத்தை ஒரு கலைஞன் தேர்ந்தான் என்று பார்த்தால், அவனும் அவன் காலமும் யார் பக்கம் நின்றனர் என்பது புலப்படும்.

முதலில் அந்தக் கருவியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ‘ஆலோஸ்’ என்பது அதன் கிரேக்கப் பெயர். மொழிபெயர்ப்பாளர் பலர் அதனைப் புல்லாங்குழல் என்றே எழுதிச் செல்கின்றனர், அது பிழை. வாயில் பொருத்தும் நாணல் சீவாளி உடையது ஆலோஸ். அவ்வகையில் நம் நாகசுரத்துக்கே அது உறவு. இரண்டு குழல்களை ஒருங்கே ஊதவேண்டும். மூச்சின் அழுத்தம் தாங்காமல் கன்னம் விரியாதிருக்க முகத்தைச் சுற்றித் தோல்வார் கட்டிக்கொண்ட கலைஞர்களை மட்பாண்ட ஓவியங்களில் காணலாம். நாகசுரம் கேட்டு வளர்ந்த செவிக்கு ஆலோஸின் ஓங்கிய ஒலியைக் கற்பனை செய்வது கடினமன்று. யாழ் அவ்வாறானதன்று. அதை மீட்டுவோன் அதே வேளையில் பாடலாம், பேசலாம், முகம் அழகாகவே இருக்கும். குழல் ஊதுவோனுக்கோ வாய் அடைபட்டுவிடுகிறது. இந்தச் சிறு வேறுபாட்டின் மீதுதான் பின்னர் எழுந்த வாதங்கள் எல்லாம் நிற்கின்றன.

தீப்ஸ் நகரத்துக் கவிஞர் பிண்டார், ஆலோஸ் போட்டியில் வென்ற ஒரு கலைஞனைப் பாடியபோது, அக்கருவியை ஆக்கி மாந்தருக்கு அளித்தவள் அத்தீனா என்று பெருமையோடு சொன்னார். அவள் அதை வீசினாள் என்ற பேச்சே அங்கு இல்லை. வீசிய கதை ஏதென்சில் ஓங்கியது. குழலிசையில் பேர்பெற்ற தீப்ஸுக்கும் ஏதென்சுக்கும் இருந்த பகை இதில் கலந்திருக்கிறது. இளம் அல்சிபயாடீஸ் குழல் கற்க மறுத்து, பேசத் தெரியாத தீப்ஸ்காரரின் பிள்ளைகள் ஊதட்டும் என்று சொன்னதாகவும், தங்கள் தெய்வங்களில் ஒருவர் குழலை எறிந்தார், மற்றவர் குழலோனை உரித்தார் என்று காரணம் காட்டியதாகவும் புளூட்டார்க் எழுதுகிறார். பிளேட்டோ தம் குடியரசில் மார்சியாஸின் கருவிக்கு இடமில்லை என்றார். ஆனால் அவரே ‘விருந்து’ என்னும் உரையாடலில், அதே அல்சிபயாடீஸின் வாயால், சாக்ரட்டீசை மார்சியாசுக்கு ஒப்பிட்டார். கருவியே இன்றி வெறுஞ்சொல்லால் கேட்போரைப் பித்தாக்குகிறான் என்பது ஒப்புமை. அரிஸ்டாட்டிலோ, அத்தீனா குழலை எறிந்தது முகம் கோணியதால் அன்று, குழற்பயிற்சி அறிவுக்கு எதுவும் தராததால் என்று விளக்கம் எழுதினார். நல்ல இசை கேட்டு மகிழ்ந்தவர் எழுதும் விளக்கமாக இது தோன்றவில்லை.

கவிஞர்களும் சும்மா இருக்கவில்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் மெலனிப்பிடீஸ் என்பவர் ‘மார்சியாஸ்’ என்னும் பாட்டில் குழலை இழித்துப் பாடினார். அடுத்த தலைமுறையில் டெலஸ்டீஸ் அதற்கு மறுப்புப் பாடினார். திருமணமே வேண்டாத கன்னித்தெய்வம் அத்தீனா. அவள் தன் முகவழகு கெடுவதற்காகவா கவலைப்படுவாள் என்பது அவருடைய கேள்வி. இருவர் பாட்டிலும் சில துணுக்குகளே எஞ்சின. ஆயினும் ஒரு தொன்மக் கதையின் நியாயத்தைக் கவிஞர் இருவர் இவ்வாறு வழக்காடியது நினைக்க இனிது.

இந்தச் சூழலில்தான் கி.மு. 450ஐ ஒட்டி மைரன் என்னும் ஏதென்ஸ் சிற்பி அத்தீனாவையும் மார்சியாசையும் வெண்கலத்தில் வார்த்தார். மூலம் அழிந்தது. ரோமானியர் செய்த பளிங்குப் படிகளே எஞ்சின. 1823இல் ரோமில் கிடைத்த மார்சியாஸ் முதலில் நடனமாடும் சாட்டிர் என்றே கருதப்பட்டது. இன்று வாத்திகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அத்தீனாவின் நல்ல படி ஒன்று ஃபிராங்க்ஃபர்ட் நகரில் உள்ளது. மைரன் தேர்ந்த கணம் குழல் கீழே விழுந்த கணம். தேவி விலகித் திரும்புகிறாள். சாட்டிரின் உடல் அஞ்சிப் பின்வாங்குகிறது; பார்வை மட்டும் தரையில் கிடக்கும் குழலை விட்டு அகலவில்லை. போட்டி இன்னும் இல்லை, கத்தி இல்லை, அப்பல்லோவும் இல்லை. ஒரு கலையின் மேல் ஒருவனுக்கு முதன்முதலாக எழும் ஆசை மட்டுமே இருக்கிறது. ஏதென்ஸ் மக்கள் இதனைக் குழலுக்கு எதிரான சிற்பமாகப் பார்த்திருக்கலாம். பின்னாளில் அந்நகரின் மலைக்கோட்டையில் இத்தகைய சிற்பம் ஒன்றைக் கண்ட பாசேனியாஸ், மார்சியாசை அத்தீனா அடிப்பதாகவே எழுதுகிறார். ஆனால் வாத்திகனில் இருக்கும் உருவத்தின் முன் நிற்போர் கண்ணுக்கு அந்த ஆசைதான் முதலில் படுகிறது.

இனிப் போட்டிக்கு வருவோம். மார்சியாஸ் எவ்வாறு தோற்றான்? இதில் கதைகள் ஒத்துப்போவதில்லை. அப்பல்லோ யாழைத் தலைகீழாகத் திருப்பி வாசித்து, நீயும் அவ்வாறு செய் என்றான். குழலைத் தலைகீழாக ஊத இயலாது என்பது ஒரு கதை. சிசிலி நாட்டு டயோடோரஸ் சொல்வது இன்னும் நுட்பமானது. முதற் சுற்றில் மார்சியாஸின் குழலே கேட்போரை வியக்கவைத்தது. அடுத்த சுற்றில் அப்பல்லோ யாழோடு தன் குரலையும் சேர்த்துப் பாடினான். போட்டி கைத்திறனுக்கே அன்றிக் குரலுக்கு அன்று, ஒரு கலைக்கு எதிராக இரு கலைகளை நிறுத்துவது நேர்மையோ என்று மார்சியாஸ் முறையிட்டான். நீயும் வாயையும் விரலையும் சேர்த்துத்தானே ஊதுகிறாய் என்றான் அப்பல்லோ. நடுவர்கள் அவன் பேச்சையே ஏற்றனர். வாதத்தில் வென்றவன் இசையிலும் வென்றவன் ஆனான். தோலுரித்த பின்னர் அப்பல்லோ மனம் வருந்தித் தன் யாழின் நரம்புகளை அறுத்தெறிந்தான் என்றும் டயோடோரஸ் சேர்க்கிறார். இந்தக் கடைசிச் செய்தியைப் புகழ்பெற்ற ஓவியர்கள் எவரும் கையாளவில்லை என்பது வியப்பே.

ஆர்க்கேடியா நாட்டு மாண்டினேயா நகரில் லெட்டோ கோயிலின் சிலைப்பீடத்தைப் பாசேனியாஸ் கண்டு குறித்திருந்தார். பிராக்ஸிட்டிலீஸ் சிலைகளுக்கான அந்தப் பீடத்தின் மூன்று பளிங்குப் பலகைகள் 1887இல் கிடைத்தன; இன்று ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இரண்டில் கலைத்தேவியர். மூன்றாவதில் ஒருபுறம் அப்பல்லோ யாழோடு அமைதியாக அமர்ந்திருக்கிறான். மறுபுறம் மார்சியாஸ் உடலெல்லாம் முறுக்கேறக் குழலூதுகிறான். இருவருக்கும் நடுவில் சித்திய அடிமை ஒருவன் நிற்கிறான். அவன் கையில் கத்தி. தீர்ப்புக்கு முன்பே கத்தி வந்துவிட்டது. யாரும் அதைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. குழலூதுபவனுக்கு அது தெரிகிறதா என்பதைச் சிற்பி நமக்குச் சொல்லவில்லை.

அடுத்த கட்டம் துணிவானது. அலெக்சாந்தருக்குப் பின்வந்த நூற்றாண்டுகளின் சிற்பம் மார்சியாசைத் தனியே மரத்தில் கட்டித் தொங்கவிட்டது. கைகள் மேலே பிணைக்கப்பட்டு, விலாவெலும்புகள் தெரிய உடல் நீண்டு தொங்கும் இவ்வுருவத்தின் ரோமானியப் படிகள் பாரிசின் லூவரிலும், ஃபிளாரன்சின் உஃபிஸியிலும், இஸ்தான்புல்லிலும், ரோமின் காப்பிட்டோலிய அருங்காட்சியகத்திலும் உள்ளன. அறிஞர் அவற்றை ‘வெள்ளை’, ‘சிவப்பு’ என இரு வகையாகப் பிரிப்பர். சிவப்பு வகையில் முகம் வேதனையில் கோணியிருக்கும்; கல்லோ ஊதாச் சிவப்பு நரம்போடிய பளிங்கு. குருதி ஓடும் தசைபோல் தோன்றுவதற்காகவே அதனைத் தேர்ந்தனர் எனலாம். அந்தக் கல் வெட்டப்பட்டது பிரிஜியாவின் டோக்கிமியோன் சுரங்கங்களில். கெலைனாய் இருந்த தினாரும் அச்சுரங்கங்களும் இன்று ஒரே அஃபியோன் மாகாணத்தில் அடங்குகின்றன. மார்சியாசை அவன் பிறந்த மண்ணின் கல்லிலேயே தொங்கவிட்டனர்.

உஃபிஸியிலேயே கத்தி தீட்டுவோன் சிலை ஒன்று உண்டு. கல்லின் மேல் கத்தியைத் தேய்த்தபடி குந்தியிருக்கும் அவன் தலை நிமிர்ந்து எதையோ பார்க்கிறான். நெடுங்காலம் இவனை, சதியாலோசனையை ஒட்டுக்கேட்ட அடிமை என்று கதை கட்டினர். தொங்கும் மார்சியாசோடு சேரவேண்டியவன் என்பது பின்னரே விளங்கியது. அவன் நோக்குவது தான் உரிக்கப்போகும் உடலை. முகத்தில் வெறுப்பும் இல்லை, இரக்கமும் இல்லை.

கிரேக்கத்தில் தோற்றவன் ரோமில் வேறொரு வாழ்வு பெற்றான். ரோம் நகரின் பொதுமன்றில், நீதி வழங்கும் மேடைக்கு அருகில், தோளில் மதுத்தோற்பை சுமந்து ஒரு கையை உயர்த்திய மார்சியாஸ் சிலை நின்றது. லிபர் என்னும் மதுக்கடவுளின் துணைவனாகவும் நகரின் உரிமைக்கு அடையாளமாகவும் அவனைக் கொண்டனர். கி.மு. 82இல் மார்சியஸ் சென்சோரினஸ் அடித்த வெள்ளிக் காசின் ஒரு புறத்தில் அப்பல்லோவின் தலை. மறுபுறத்தில் இந்த மார்சியாஸ். கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே காசில் முதுகொட்டி இருந்தனர். தென்னித்தாலியின் பயேஸ்டம் நகரில் கிடைத்த வெண்கல மார்சியாசுக்குக் கணுக்கால்களில் விலங்கு வளையங்கள் உண்டு.

அகஸ்டஸ் காலத்தில் இச்சிலை ஆபத்தானதாயிற்று. அப்பேரரசன் அப்பல்லோவைத் தன் காவல் தெய்வமாகக் கொண்டவன், கி.மு. 28இல் பாலட்டைன் குன்றில் தன் மாளிகையை ஒட்டியே அவனுக்குக் கோயில் எடுத்தவன். அவன் மகள் ஜூலியா இரவில் சென்று மன்றத்து மார்சியாசுக்கு மலர்முடி சூட்டினாள் என்றும், தந்தை இதைக் கடிதங்களில் எழுதிப் புலம்பினான் என்றும் பிளினி கூறுகிறார். கி.மு. 2இல் அவள் நாடு கடத்தப்பட்டாள். குற்றம் ஒழுக்கக்கேடு என்பது அரசின் கூற்று. அப்பல்லோவின் அன்பனுடைய மகள் அப்பல்லோ உரித்தவனுக்கு முடிசூட்டியதில் அரசியல் இருந்தது என்று கருதுவோரும் உண்டு. அக்கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

அதே அகஸ்டஸ் கி.பி. 8இல் கருங்கடற் கரைக்கு நாடு கடத்திய கவிஞர் ஓவிட். அவருடைய ‘உருமாற்றங்கள்’ நூலில் மார்சியாஸ் கதை ஏறக்குறைய இருபது அடிகளே. போட்டியை அவர் பாடவே இல்லை. யார் நன்றாக வாசித்தார், நடுவர் யார், தீர்ப்பு எவ்வாறு அமைந்தது என்பவற்றில் அவருக்கு நாட்டமில்லை. எடுத்த எடுப்பிலேயே தோல் உரிகிறது, நரம்பு துடிக்கிறது, காட்டுத் தெய்வங்களும் ஆயரும் அழுகின்றனர், அந்தக் கண்ணீர் ஊறிப் பிரிஜியாவின் தெளிந்த ஆறாகிறது. வென்றவன் பெயரையும் அவர் இங்குச் சொல்வதில்லை; லெட்டோவின் மகன் என்று சுட்டிவிட்டு நகர்கிறார்.

இடைக்கால ஐரோப்பா இக்கதையைச் செருக்குக்குக் கிடைத்த தண்டனையாகக் கொண்டது. தாந்தே மட்டும் வேறு வழி கண்டார். ‘சொர்க்கம்’ பகுதியைத் தொடங்குமுன் அப்பல்லோவை அழைத்து, மார்சியாசை உடலென்னும் உறையிலிருந்து உருவிய அதே ஆற்றலோடு என் நெஞ்சுள் புகுக என வேண்டுகிறார். தெய்வம் கவிஞனைத் தன்னினின்றும் உரித்து எடுக்கிறது என்பது அவர் கொண்ட பொருள். ராஃபேல், வாத்திகன் மாளிகையின் ஓர் அறை விதானத்தில் 1511க்குள் தீட்டிமுடித்த மார்சியாஸ் காட்சியைக் கவிதைக்குரிய சுவருக்கும் இறையியலுக்குரிய சுவருக்கும் இடைப்பட்ட மூலையில் வைத்ததில் தாந்தேயின் சாயலைக் காண்போர் பலர். ஆழ்ந்த கருத்துதான். ஆனால் கட்டுண்டு தொங்குபவனிடம் கேட்டால் அவன் இதனை ஒப்புவானா என்பது ஐயமே.

அந்த ஐயத்தை டிஷியன் எழுப்பினார். 1576இல் கொள்ளைநோய்க் காலத்தில் வெனிசில் இறந்த அம்முதுபெரும் ஓவியரின் கடைசி ஆண்டுகளில் எழுந்தது ‘மார்சியாஸ் தோலுரிப்பு’. செக் நாட்டுக் குரோமெரிஷ் நகரின் பேராயர் மாளிகையில் இருக்கும் இவ்வோவியம், இரண்டு மீட்டருக்குச் சற்று மிகுந்த சதுரத் திரை. மார்சியாஸ் தலைகீழாகத் தொங்குகிறான். இலைமுடி சூடிய இளைஞன் மண்டியிட்டு, பூத்தொழில் செய்வோனின் கவனத்தோடு நெஞ்சருகே தோலை விலக்குகிறான். பின்னால் ஒருவன் நரம்புக்கருவி இசைத்து மேலே நோக்குகிறான். கொலைநடுவிலும் இசை நிற்கவில்லை. தரையில் வழிந்த குருதியைச் சிறு நாயொன்று நக்குகிறது. மார்சியாஸின் குழல் இங்குக் காட்டு மூங்கிற்குழற் கொத்தாக மாறி மரத்தில் தொங்குகிறது. வலப்புறம் மைடாஸ் மன்னன் வாயருகே கைவைத்து அமர்ந்திருக்கிறான். இசையைத் தவறாக மதிப்பிட்டுக் கழுதைக்காது பெற்றவன் அவன். அம்முகம் டிஷியனின் முகமே என்பது பலர் முடிவு. எண்பதைத் தாண்டிய ஓவியர் தம்மை வென்றவனிடத்தும் வைக்கவில்லை, தோற்றவனிடத்தும் வைக்கவில்லை. பார்த்துக்கொண்டு வாளாவிருப்பவனின் இருக்கையில் அமர்த்திக்கொண்டார். 1571இல் சைப்பிரசில் பிராகடின் என்னும் வெனிசுத் தளபதியைத் துருக்கியர் உயிரோடு தோலுரித்த செய்தி அந்நகரைக் குலுக்கியிருந்தது என்பதையும் இங்கு நினைவு கொள்ளவேண்டும். 1983இல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சிக்கு இவ்வோவியம் வந்தபோது, அதுகாறும் நூற்படங்களில் மட்டுமே கண்டிருந்த பலர் அதன்முன் பேச்சற்று நின்றனர்.

ரிபேரா 1637இல் இருமுறை இதே காட்சியைத் தீட்டினார்; ஒன்று நேப்பிள்சிலும் மற்றொன்று பிரசல்சிலும் உள்ளன. டிஷியனில் ஏறக்குறைய அமைதியாக இருந்த மார்சியாஸ் இங்கு வாய் பிளந்து அலறுகிறான், அதுவும் பார்ப்போரை நோக்கி. அப்பல்லோ இளநகையோடு விரலைப் புண்ணுக்குள் செலுத்துகிறான். பின்னணியில் சாட்டிர்கள் காதைப் பொத்திக்கொள்கின்றனர். ஓவியம் ஊமைக்கலை, அதில் ஓசையைத் தீட்ட வழி என்ன என்று கேட்பார்க்குப் பொத்திய அந்தக் காதுகளே விடை.

இருபதாம் நூற்றாண்டில் போலந்துக் கவிஞர் ஸ்பிக்னியூ ஹெர்பர்ட் அந்த அலறலையே தம் கவிதைக்குப் பொருளாக்கினார். 1961இல் வெளிவந்த தொகுப்பில் உள்ள அக்கவிதையில், தீர்ப்புக்குப் பின்னரே உண்மையான போட்டி தொடங்குகிறது. அலறலும் ஓர் இசைதானோ என்ற எண்ணம் கருவியைத் துடைத்துவிட்டு நடந்துபோகும் கடவுளுக்கே எழுகிறது. இட்லர், ஸ்டாலின் ஆட்சிகளைக் கண்ட நாட்டில் இக்கவிதைக்கு உரை தேவைப்படவில்லை.

2002 அக்டோபரில் லண்டன் டேட் மாடர்ன் கூடத்தில், மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் ‘மார்சியாஸ்’ என்னும் சிற்பத்தை அமைத்தார். அதன் கட்டமைப்பை வகுத்தவர் கொழும்பில் பிறந்த பொறியாளர் செசில் பால்மண்ட். மூன்று எஃகு வளையங்களுக்கிடையே இழுத்துக்கட்டிய கருஞ்சிவப்புத் தோற்பரப்பு. நீளம் சுமார் 150 மீட்டர். எங்கு நின்றாலும் முழுமையும் கண்ணுக்கு அகப்படாது. அப்பல்லோ இல்லை, கத்தி இல்லை, மரம் இல்லை, முகமும் இல்லை. உரித்த தோல் மட்டும் இரு முனையும் எக்காளம்போல் விரிந்து தொங்கியது. அதன் முன் நின்ற எஸ்டோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட் பியானோவுக்கும் இசைக்குழுவுக்கும் ஓர் இரங்கலிசை எழுத, 2003 பிப்ரவரியில் அந்தக் கூடத்திலேயே அது முதன்முறை இசைக்கப்பட்டது. ஏப்ரலில் சிற்பம் கழற்றப்பட்டது.

கெலைனாய் மக்கள் இத்தனை வழக்குகளையும் அறியார். அவர்களுக்கு மார்சியாஸ் தோற்றவன் அல்லன். தங்கள் ஊர் ஆறே அவன். அன்னைத் தெய்வத்துக்குரிய குழற்பண்ணை ஆக்கியவனும் அவனே. கோல் இனப் படை சூழ்ந்தபோது தன் நீரைக் கொண்டும் குழலிசையைக் கொண்டும் நகரைக் காத்தவன் அவன் என்று அவர்கள் சொன்னதைப் பாசேனியாஸ் எழுதிவைத்திருக்கிறார். கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஏலியன் தரும் செய்தி ஒன்றும் உண்டு. தொங்கும் அந்தத் தோலின் அருகே யாரேனும் பிரிஜியப் பண்ணைக் குழலில் ஊதினால் தோல் அசையும். அப்பல்லோவைப் போற்றும் பண்ணை ஊதினால், செவிடுபோல் அசையாது தொங்கும்.